பெட்டியோடு வெளியே போகிற ஆள்

"லெப்பைக்குடிகாடு. வீட்டுல ஜின்னாம். நீ போயிட்டு வா," என்றார் ஜெயசித்ரா அக்கா.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அக்காவின் கடை. லேப்டாப் சர்வீஸ், பிரிண்டருக்கு மை, சிசிடிவி கேமரா. போர்டில் ஜின், பேய் எதுவும் இல்லை. சொன்னேன்.

"எதையோ கம்ப்யூட்டர்ல சொருகணுமாம். எதை வெச்சு சொருகுறதுன்னு தெரியலையாம். அது நம்ம வேலைதானே?"

என் மனைவி கீதாஞ்சலி இறந்து எட்டு மாதம். அதிலிருந்து தூரத்து வேலைகளை அக்கா எனக்குத்தான் கொடுக்கிறார். பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் அந்த ஒரு மணி நேரம் கழியும் என்று அவர் நினைக்கிறார். கழியத்தான் செய்கிறது.

இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். புதிதாகக் கட்டிய மாடி வீடு. கேட்டைத் தட்டினேன்.

உள்ளே திரைக்குப் பின்னால் ஒரு பெண் குரல். "வூட்ல ஆம்பளைங்க யாரும் இல்லைங்களே. யாரு?"

"கம்ப்யூட்டர் கடைங்க. பெரம்பலூரு."

"அல்ஹம்துலில்லாஹ். உள்ள வாங்க தம்பி, சீக்கிரம். கேட்டு மூடிக்கிறதுக்குள்ள வந்துடுங்க."

கேட் தானாகத் திறந்தது. ஓடினேன். என் பின்னால் தானாக மூடிக்கொண்டது. பையின் வார் மாட்டிக்கொண்டது. கேட் யோசித்தது, திறந்தது, மறுபடி மூடிக்கொண்டது.

"பாத்தீங்களா? இப்படித்தான் மூணு வாரமா," என்றார் அந்த அம்மா. பெயர் நஜ்முன்னிசா. நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருக்குப் பின்னால் மகள் அஃப்ஷான், கையில் போனுடன்.

இருவரும் சேர்ந்து சொன்னார்கள். ஒருவர் பாதி சொன்னதை மற்றவர் முடித்தார்.

வீட்டுக்காரர் பீர் முகமது ஷார்ஜாவில் இருக்கிறார். இடித்த ஒரு ஹோட்டலில் இருந்து வீட்டைத் தானாக இயக்கும் கருவி ஒன்றை வாங்கி லீவில் வந்தபோது கொண்டுவந்தார். நாற்பது நாள் லீவில் முப்பத்தைந்து நாள் அதை மாட்டுவதிலேயே போயிற்று. விளக்கு, மின்விசிறி, திரைச்சீலை, டிவி, கேட் எல்லாம் மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் ஒரு பெட்டியோடு இணைந்திருக்கின்றன. சுவரில் சுவிட்சே கிடையாது. எல்லாம் அவர் போனில். லீவு முடிந்து அவர் கிளம்பிப் போனார். அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டது.

"பகல்ல கால் மணிக்கு ஒரு தடவை ஃபேனு நின்னுடுது, எங்கயாவது ஒரு லைட்டு எரிஞ்சு அணையுது. பொழுது சாஞ்சு மஃரிப் ஆச்சுன்னா இந்த ரூம்ல லைட்டு எரியும், அணையும், அடுத்த ரூம்ல எரியும். யாரோ நடந்து போற மாதிரி. மாடியில டிவி தானா பேசுது. அதுவும் இந்தியில."

"எங்க வூட்ல யாருக்கும் இந்தி தெரியாதுண்ணே," என்றாள் அஃப்ஷான்.

"பாய்கிட்ட சொல்லிப் போன்லயே நிறுத்தலாமே?"

"அந்த போன் கடல்ல விழுந்துடுச்சு. புதுப் போன்ல பழைய பாஸ்வேர்டு கேக்குது. அத்தாவுக்கு மறந்து போச்சு."

"பெட்டிக்கு வர கரண்டைப் பிடுங்கிட்டா?"

"மொத்த வூடும் இருட்டு. தண்ணி மோட்டார் உள்பட."

நஜ்முன்னிசா குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்கு அரியலூர்ல இருந்து வராங்க தம்பி. இவளுக்கு நாள் குறிக்க. தெருவுல ஜின்னு ஜின்னுன்னு பேசி அது அரியலூர் வரைக்கும் போயிடுச்சு. மாப்பிள்ளையோட அம்மா சாமான்யமான ஆளு இல்லை. 'மஃரிப் நேரத்துக்கே வரேன், நானே கண்ணால பாத்துக்குறேன்'னு சொல்லிட்டாங்க. போன வருசம் ஒரு வூட்டுக்குப் பொண்ணு பாக்கப் போயி, கதவு தானா சாத்திக்கிச்சுன்னு டீ குடிக்காம எந்திரிச்சு வந்தவங்க."

"இது நடக்கணும்ணே," என்றாள் அஃப்ஷான். முகம் சிவந்தது. "உசாமாவும் நானும் ஒரே காலேஜு. அது யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்," என்றார் நஜ்முன்னிசா.

"அம்மா!"

"மூணு வருசமா தெரியும். தம்பி, மஃரிப் ஆறேகாலுக்கு. முடியுமா?"

பார்க்கிறேன் என்றேன். படிக்குக் கீழே இருந்த அறை ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரும் அளவு. கதவு உண்டு. பெட்டியில் பழைய டெலிபோன் வயர் சொருகும் துளை ஒன்று இருந்தது. அதன் வழியாகத்தான் கம்ப்யூட்டருடன் பேசும். என் லேப்டாப்பில் அப்படித் துளை இல்லை. நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும்.

"அத்தா ஏதோ வெச்சு சொருகுனாங்க. எதுன்னு தெரியல. இதுலதான் இருக்கு." அஃப்ஷான் ஒரு பால்பவுடர் டின்னைக் கொண்டுவந்தாள். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஐந்து டின்.

இருபத்திரண்டு வருட வளைகுடா அந்த டின்களில் இருந்தது. செத்துப்போன கம்பெனிகளின் சார்ஜர்கள், மூன்று கால் பிளக்குகள், கேமரா வயர்கள், எதற்கென்றே தெரியாத முனைகள். ஒன்றையும் தூக்கிப் போடவில்லை. நஜ்முன்னிசா பெரிய சஹன் தட்டை எடுத்துவந்து தரையில் வைத்தார். விருந்தில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற தட்டு. எல்லாவற்றையும் அதில் கொட்டினோம். மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து கிளறினோம்.

"பிஸ்மில்லாஹ் சொல்லிட்டு ஆரம்பிங்க," என்றாள் அஃப்ஷான்.

"கறி அடியில இருக்கும், நல்லா தோண்டுங்க," என்றார் அவள் அம்மா.

இருவரும் சிரித்தார்கள். பயத்தில் இருப்பவர்கள் சிரிக்கும் சிரிப்பு. அடங்கவில்லை. கீதாஞ்சலி இருந்திருந்தால் தட்டின் மேலேயே விழுந்து சிரித்திருப்பாள். நான் வயர்களைப் பிரித்தேன்.

"தம்பி வூட்ல யாரெல்லாம்?" என்று நஜ்முன்னிசா கேட்டார்.

"யாரும் இல்லைங்க."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை.

கிடைத்தது. கட்டைவிரல் அளவு, சாம்பல் நிறம். ஒரு பக்கம் யூஎஸ்பி, மறு பக்கம் டெலிபோன் முனை. பெயர் இல்லை, நம்பர் இல்லை, எந்த நாட்டில் செய்தது என்றும் இல்லை. நகப்பூச்சில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் இருந்தது.

"அது நான் வெச்ச புள்ளி," என்றாள் அஃப்ஷான். "எதுக்கு வெச்சேன்னு ஞாபகம் இல்ல."

சொருகினேன். அடையாளம் தெரியாத சாதனம் என்றது லேப்டாப். மஞ்சள் முக்கோணம்.

உள்ளே இருக்கும் சில்லு எந்த வகை என்று தெரிந்தால்தான் அதற்கான டிரைவர் என்கிற மென்பொருளைப் போட முடியும். பெயர் இல்லாத சாதனத்துக்கும் உள்ளே ஒரு எண் இருக்கும். அதை லேப்டாப்பிடம் கேட்டு வாங்கினேன். இணையத்தில் தேட வேண்டும். படிக்குக் கீழே சிக்னல் மெசேஜுக்கு மட்டும்தான் போதும். அஃப்ஷான் தன் போனைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள்.

"வருதாண்ணே?"

"இல்ல."

"இப்ப?"

"இன்னும் ஒரு படி."

பதினோராவது படியில் வந்தது. அசையாமல் நின்றாள். அப்போது அவள் தலைக்கு மேலே விளக்கு எரிந்து, அணைந்து, எரிந்தது. "நீ சும்மா இரு," என்று விளக்கை அதட்டினாள்.

புது டிரைவரைப் போட்டேன். அது சில்லைப் பார்த்துவிட்டு, இது அசல் இல்லை, வேலை செய்ய மாட்டேன் என்றது. பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய டிரைவரைத் தேடிப் போட்டேன். அந்தக் காலத்து டிரைவருக்கு அசல், போலி வித்தியாசம் தெரியாது. ஏற்றுக்கொண்டது. முக்கோணம் மறைந்தது. மணி நாலரை.

திரையில் எழுத்துகள் ஓடின. பாதி எழுத்து, பாதி கோடு, கட்டம், இதயக் குறி.

நஜ்முன்னிசா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "யா அல்லாஹ். இது என்ன பாஷை? அதோட பாஷையா?"

"வேகம் ஒத்துப் போகலைங்க. அது மெதுவா பேசுது, நாம வேகமா கேக்குறோம்."

"எங்க வூட்டுக்காரரும் அப்படித்தான்."

வேகத்தைக் குறைத்தேன். குறைத்தேன். இன்னும் குறைத்தேன். சட்டென்று தெளிவான வரிகள் வந்தன. விளக்கு ஏழு, பத்து நொடியில் எரியும். திரை இரண்டு, பத்து நொடியில் மூடும். செய்யப்போவதை முன்கூட்டியே எழுதிவிட்டுச் செய்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி இருந்தது: நிலை — வீட்டில் யாரும் இல்லை.

புரிந்தது. வெளியூர் போகிறவர்களுக்கான வசதி அது. திருடன் ஏமாற வேண்டும் என்று, ஆள் இருப்பதுபோல விளக்குப் போட்டு, டிவி போட்டு, திரையை இழுத்து மூடும். நானும் கடைக்குக் கிளம்பும்போது சமையலறை விளக்கைப் போட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன். கருவி வாங்கவில்லை, அவ்வளவுதான்.

ஹாலில் நின்று பீர் முகமதுவை வீடியோவில் கூப்பிட்டாள் அஃப்ஷான். ஹெல்மெட்டும் வியர்வையுமாக வந்தார்.

"பாய், கிளம்புறப்ப போன்ல எதையாவது அமுக்குனீங்களா?"

"அமுக்குனேன். மூணு படம் இருந்துச்சு. ஒண்ணுல நிலா. ஒண்ணுல வூட்டுக்குள்ள பல்பு. ஒண்ணுல ஒரு ஆளு பெட்டியோட வெளிய போறாரு. நானும் பெட்டியோட வெளிய போனேன். அதை அமுக்குனேன்."

நஜ்முன்னிசா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஏன், சரியாத்தானே அமுக்குனேன்?" என்றார்.

நிலையை மாற்றப் போனேன். பாஸ்வேர்டு கேட்டது. தப்பாகப் போட ஐந்து தடவை அனுமதி. அதற்கு மேல் போனால் ஒரு நாள் பூட்டிக்கொள்ளும். பீர் முகமது யோசித்து யோசித்துச் சொன்னார். பாஸ்போர்ட் நம்பர். இல்லை. மகள் பிறந்த தேதி. இல்லை. கல்யாணத் தேதி என்று ஒன்று சொன்னார்.

"அது நம்ம கல்யாணத் தேதி இல்ல," என்றார் நஜ்முன்னிசா.

"அதைத்தான் போட்டிருப்பேன்னு நினைக்கிறேன்."

போட்டேன். இல்லை. சரியான தேதியைப் போட்டேன். அதுவும் இல்லை. இன்னும் ஒரே ஒரு தடவை. கையை எடுத்துவிட்டேன். ஃபோர்மேன் கூப்பிடுகிறார் என்று பீர் முகமது போனை வைத்துவிட்டார்.

அப்போதுதான் அஃப்ஷானுக்கு உசாமாவிடமிருந்து செய்தி வந்தது. அரியலூரில் சிமெண்ட் லாரி ஒன்றுகூடக் குறுக்கே வரவில்லையாம். அவன் அம்மாவும் அத்தாவும் பக்கத்தில் உள்ள அகரம்சீகூரைத் தாண்டிவிட்டார்களாம். மணி ஐந்தரை.

நஜ்முன்னிசா என்னைப் பார்த்தார். வீட்டில் ஆண்கள் இல்லை. முன்பின் தெரியாத ஒரு ஆள் இருக்கிறான்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. அந்த ரூம்லயே இருந்துக்கிறீங்களா?"

"நிலையை மாத்த முடியாதுங்க. ஆனா ஒவ்வொரு விளக்கா நான் எரிக்கலாம், அணைக்கலாம். அதுக்குப் பாஸ்வேர்டு வேண்டாம்."

"அப்படின்னா?"

"அது ஒண்ணு செஞ்சா நான் அதை மாத்திச் செய்யுறேன். அவங்க கிளம்புற வரைக்கும்."

அவர் இரண்டு கையையும் வானத்துக்கு உயர்த்தினார். ஒரு தலையணையும் தண்ணீர் பாட்டிலும் உள்ளே தள்ளினார். கதவு மூடியது. அஃப்ஷான் வாட்ஸ்அப்பில் வந்தாள். அண்ணே ரெடியா. ரெடி.

கேட்டை நானே திறந்தேன். "மாஷா அல்லாஹ், தானாவே தொறக்குதே," என்றது ஒரு கனத்த பெண் குரல். அரியலூர் அம்மா. அவர் கணவரின் செருமல் பின்னால் வந்தது. அந்தச் செருமலுக்கு நேராகக் கேட் மூடப் போகிறது என்று திரையில் வரி வந்தது. ஐந்து, நான்கு, மூன்று. ரத்து செய்தேன்.

முதல் அரை மணி நேரம் சமாளித்தேன். மின்விசிறி நின்றால் ஓட்டினேன். ஆறேகாலுக்குப் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. பெண்கள் உள்ளறையில் தொழுதார்கள். அரியலூர் பாய் பள்ளிவாசலுக்குப் போய்வந்தார். பெட்டி சுறுசுறுப்பானது. ஹால் விளக்கு அணைந்தது, போட்டேன். படுக்கையறை விளக்கு எரிந்தது, அணைத்தேன். திரைச்சீலை மூடியது, திறந்தேன், மூடியது, திறந்தேன்.

"உங்க வூட்டுத் திரை ஏன் மூச்சு விடுது?" அரியலூர் அம்மா கேட்டது கதவு வழியாகக் காதில் விழுந்தது.

"காத்து," என்றார் நஜ்முன்னிசா.

"சன்னல் சாத்தியிருக்கே?"

"நல்ல காத்து."

அஃப்ஷானிடமிருந்து செய்தி: அண்ணே மாடி டிவி. திரையில் அந்த வரியை நான் தவறவிட்டிருந்தேன். மேலே ஒரு பெண் இந்தியில் பேச ஆரம்பித்தாள். அணைக்கும் எண்ணைத் தட்டினேன். தப்பு எண். சத்தம் கூடியது.

"மாடியில யாரு?"

"என் நாத்தனா."

"இந்தியில பேசுறாங்க?"

"பம்பாய்ல கொஞ்ச நாள் இருந்தாங்க."

"வெங்காயம் நறுக்குறதைப் பத்திப் பேசுறாங்களே. சவூதியில, தம்மாம்ல எங்க பக்கத்து ரூம்காரங்க பேசிக் கேட்டிருக்கேன்," என்றார் அரியலூர் பாய்.

"அவங்களுக்கு வெங்காயம்னா ரொம்பப் பிடிக்கும்."

சரியான எண் கிடைத்தது. டிவி பாதி வாக்கியத்தில் நின்றது.

"ஏன் பாதியிலேயே நிறுத்திட்டாங்க?"

"வெக்கம்," என்றார் நஜ்முன்னிசா.

எனக்கு இருமல் வருகிறது என்று நினைத்தேன். வாயைப் பொத்தினேன். இருமல் இல்லை. மூக்கு வழியாக வந்தது. தலையணையில் முகத்தைப் புதைத்தேன். தலையணைக்குள் அது இன்னும் பெரிதானது. எட்டு மாதமாக எங்கே இருந்ததோ, மொத்தமாக வந்தது. படிக்குக் கீழே சம்மணம் போட்டு, கண்ணில் நீர் வழிய, சத்தம் போட்டுச் சிரித்தேன். லேப்டாப் மடியிலிருந்து சரிந்தது. யாரும் தடுக்காததால் வீடு தன் இஷ்டத்துக்கு ஆடியது. ஹால் இருண்டது. திரைகள் மூடின. கேட் திறந்து மூடிக்கொண்டது.

வெளியே யாரோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

அது எனக்கு உறைத்தது. அந்தப் பெண்ணின் கல்யாணத்தை நான் கெடுத்துவிட்டேன். சிரிப்பை நிறுத்தப் பார்த்தேன். நிற்கவில்லை.

கதவு திறந்தது. அரியலூர் அம்மா நின்றார். ஒரு கையில் போன் டார்ச், மறு கையில் சாப்பாட்டு மேசையில் இருந்த பெரிய கரண்டி. உதடு ஓதிக்கொண்டிருந்தது. பயந்து ஓடவில்லை. கதவைத் திறக்க வந்திருக்கிறார்.

"யாரு நீ?"

"அருள்முருகங்க. பெரம்பலூர் கம்ப்யூட்டர் கடை."

"இங்க என்ன பண்றே?"

பொய் ஒன்றும் தோன்றவில்லை. "நான்தாங்க ஜின்னு," என்றேன். "பாதி ஜின்னு. மீதி இந்தப் பெட்டி."

எல்லாவற்றையும் சொன்னேன். ஹோட்டல், போன், கடல், அடாப்டர், டிரைவர். அவருக்குப் பின்னால் நஜ்முன்னிசா முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றார். அஃப்ஷான் அழவில்லை, ஆனால் தயாராக இருந்தாள். மூன்று படங்களைப் பற்றிச் சொன்னேன். பெட்டியோடு வெளியே போகிற ஆள்.

அரியலூர் அம்மா கரண்டியைத் தாழ்த்தினார். "அந்தப் படத்துக்கு என்ன அர்த்தம்?"

"வீட்டுல யாரும் இல்லைன்னு அர்த்தங்க."

"இவங்க ரெண்டு பேரும் வூட்லதானே இருக்காங்க?"

"ஆமாங்க."

அவர் மெதுவாகத் திரும்பித் தன் கணவரைப் பார்த்தார். கணவர் தரையைப் பார்த்தார்.

"பாத்தீங்களா? பத்தொன்பது வருசம் தம்மாம்ல இருந்தப்ப நீங்களும் இதையேதான் கேப்பீங்க. போன் பண்ணி, 'வூட்டுல ஆளு இல்லாம எப்படி இருக்கு'ன்னு. நான் யாரு? தண்ணிக் குடமா?" பிறகு அஃப்ஷானிடம், "உங்க அத்தாவுக்குப் போனைப் போடு."

போட்டாள். பீர் முகமது சிரித்த முகத்தோடு வந்தார். "சம்மந்தி, அஸ்ஸலாமு அலைக்கும்—"

"வஅலைக்கும் ஸலாம். நீங்க பெட்டியைத் தூக்குனா வூட்ல மனுசங்களே இல்லையா? ஒரு மனுசி ஒத்தையில வூடு கட்டி, புள்ளையப் படிக்க வெச்சு, மூணு வாரமா இந்தக் கூத்துலயும் பயப்படாம குடித்தனம் பண்ணியிருக்கா. நான் ஜின்னு இருக்கான்னு பாக்க வந்தேன். இருக்கு. ஷார்ஜாவுல இருக்கு."

பீர் முகமதுவின் முகம் திரையிலிருந்து மெல்லக் கீழே இறங்கியது. ஹெல்மெட் மட்டும் தெரிந்தது.

"பாஸ்வேர்டு என்ன?"

"மறந்துடுச்சு சம்மந்தி."

"இன்னும் ஒரு தடவைதாங்க இருக்கு," என்றேன்.

அரியலூர் அம்மா யோசித்தார். பிறகு நஜ்முன்னிசாவிடம், "கல்யாணமான புதுசுல லெட்டர் போடுவீங்கள்ல? அவரோட கம்பெனி போஸ்ட் பாக்ஸ் நம்பர் ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? ரெண்டு ரெண்டு ஏழு ஒண்ணு ஒம்போது," என்றார் நஜ்முன்னிசா. மூச்சு விடாமல் சொன்னார்.

"எங்களது மூணு ஒண்ணு நாலு ஆறு. இவரு ஏடிஎம் கார்டுக்கும் அதுதான், சூட்கேஸ் பூட்டுக்கும் அதுதான். இந்த ஆம்பளைங்களுக்கு வேற நம்பரே தெரியாது. போடுங்க தம்பி."

அஃப்ஷான் கண்ணை மூடிக்கொண்டாள். நஜ்முன்னிசா என் தோளைப் பிடித்துக்கொண்டார். தட்டினேன். இரண்டு, இரண்டு, ஏழு, ஒன்று, ஒன்பது.

ஏற்றுக்கொண்டது.

நிலையை மாற்றினேன். வீட்டில் ஆள் உண்டு. ஒரே நேரத்தில் எல்லா விளக்கும் எரிந்தன. ஹால், மாடி, வாசல், நான் உட்கார்ந்திருந்த அறையின் குட்டி பல்பு. எல்லா மின்விசிறியும் சுற்றின. அஃப்ஷான் கத்தினாள். அப்புறம் வருங்கால மாமியார் எதிரில் கத்தியது ஞாபகம் வந்து வாயைப் பொத்தினாள்.

"கத்து, பரவாயில்ல," என்றார் அரியலூர் அம்மா. "நஜ்மு, ரஜப் மாசம் ஒத்துவருமா?"

"இன்ஷா அல்லாஹ்," என்றது போனில் ஹெல்மெட்.

"உங்களைக் கேக்கலை."

ரஜப் என்று முடிவானது. பால்பவுடர் டின்னிலிருந்து ஒரு பேனாவைத் தேடி எடுத்து அஃப்ஷானிடம் கொடுத்தேன். அடாப்டரில் ஒட்டிய காகிதத்தில் அது எதற்கு என்று எழுதினாள். சிவப்புப் புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொரு புள்ளியும் வைத்தாள். ஏன் என்று கேட்டேன். சும்மா என்றாள்.

கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. நஜ்முன்னிசா எனக்குச் சாப்பாடு பார்சல் கட்ட உட்கார்ந்தார். கரண்டி இன்னும் அரியலூர் அம்மாவிடமே இருந்தது.

"தம்பி, வூட்ல எத்தனை பேரு?" என்று அவர் கேட்டார்.

நஜ்முன்னிசா நிமிர்ந்து, வேண்டாம் என்பதுபோல அவரைப் பார்த்தார்.

"நான் இருக்கேங்க," என்றேன்.

"ஒரு ஆளுக்கெல்லாம் எனக்கு அளவு தெரியாது," என்றார் அரியலூர் அம்மா. நாலு ஆளுக்கு அள்ளிப் போட்டார்.